இரண்டு வாசல்கள்

டார்ட்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு.
ராய்வோவின் கார் கொட்டகையில்
ஹீட்டரின் சூடு கணுக்காலோடு சரி.

முதலில் வைத்தது ஒளிமின்தடை.
ஏர்கன் ரவை வைக்கோல் பொதிக்குள்
போய்ப் படுத்த பிறகு
‘யாராவது வந்தார்களா?’ என்றது.

மைக் அதற்கு நேர்மாறு.
பக்கத்து வீட்டில் கதவு சாத்தினாலும்
ரவைதான் என்று சத்தியம் செய்தது.

கடைசியில் ஃபோட்டோடையோடு,
விலை ஐம்பது சென்ட்.
நொடியை முப்பதாயிரமாய்க் கூறுபோட்டால் அதில் ஒரு கூறு,
அவ்வளவுதான் அதன்மேல் ரவையின் நிழல்.
அதற்கு அது போதும்.

முப்பது சென்டிமீட்டர் தள்ளி இரண்டு வாசல்.
நொடிக்கு நூற்று எழுபத்திரண்டு மீட்டர். நூற்று எழுபது.
திரும்பவும் நூற்று எழுபது.
கடன்கணக்குப் போலச் சுவரில்
சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தான்.

சும்மாதான் கேட்டேன்:
‘ஹெல்சிங்கியிலிருந்து மார்யே எப்போது வருகிறாள்?’

குனிந்து ஒரு திருகைத் தொட்டுப் பார்த்தான்.
இறுகித்தான் இருந்தது.
வாயிலிருந்து வந்த வெண்புகை
முதல் வாசலுக்குள் போனது.
எண்ணி ஓடத் தொடங்கியது.

இரண்டாவது வாசலில்
எதுவும் வந்து சேரவில்லை.

ஒரு நிமிடம். நாலு நிமிடம்.
நிறுத்தும் பொத்தான்
என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.