கை காதைத் தொடும் வயது

நூபா மலையில் எங்கள் பள்ளிக்குச் சுவர் கிடையாது.
இரண்டு பாறை, நடுவில் நிழல்,
பக்கத்தில் வகுப்புக்கு ஒன்றாகப் பதுங்குகுழிகள்.
மூன்றாம் வகுப்பின் குழியில்
நேற்று ஆடு குட்டி போட்டிருந்தது.
விமானம் வராத நாளாகப் பார்த்து.

கரியால் பாறையில் எழுதினேன்:
பதினெட்டு ஆகாத எல்லோரும் குழந்தைகள்.
குழந்தை கையில் துப்பாக்கி கொடுக்க
யாருக்கும் உரிமையில்லை.

துத்து எழுந்தான்.
"பதினெட்டு என்றால் எவ்வளவு உயரம், டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை.
பிறந்த தேதி இங்கே யாரிடம் இருக்கிறது?
வெட்டுக்கிளி வந்த வருஷம்,
கிணறு தூர்ந்த வருஷம்,
முதல் குண்டுக்கு மறுநாள் காலை.
முதல் வகுப்பில் சேர்க்க எனக்குத் தெரிந்த அளவு
வலது கை தலைக்கு மேலாக வளைந்து
இடது காதைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.
லாரியில் வருகிறவர்களிடமும் ஓர் அளவு உண்டு.
துப்பாக்கியை நட்டு வைத்து
பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள்.
குழல் நுனியைத் தலை தாண்டினால் போதும்.

இந்த அளவுக்கும் அந்த அளவுக்கும் நடுவே
என் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம் இருக்கும்.
மழை நன்றாகப் பெய்து
சோளம் விளைந்தால், நாலு.

எங்கள் ஊரில் பெயரே வரிசை எண்.
தலைமகன் குக்கு, அடுத்தவன் காஃபி,
பிறகு தியா, நான்காவது துத்து.
குக்குவை ஏற்றிப்போய் இரண்டு கோடை.
காஃபியை, போன அறுவடை முடிந்த கையோடு.
லாரிக்கும் எண்ணத் தெரியும்.

இடைவேளையில் பார்க்கிறேன்,
துத்து முழங்காலை மடக்கி நடந்து பழகுகிறான்.
அவன் பின்னால் பாதி வகுப்பு.
"பாவாடை கட்டினால் மடக்கினது தெரியாது"
என்கிறாள் தோத்தோ.
தன்னுடையதைக் கடன் தருவாளாம்,
கிழிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நான் திருத்தவில்லை.
உரிமைகள் பாடத்தில்
இதற்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

சாயங்காலம் வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.
மூன்று வருஷமாக நான் காலியாக விட்டிருந்த
வயதுக் கட்டங்கள்.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
பொய் சொன்னால் பிரம்பெடுக்கும் நான்
முப்பத்தோரு பொய் எழுதினேன், அழகான கையெழுத்தில்.
முத்திரை இல்லை, கட்டைவிரலைக் கரியில் தொட்டு வைத்தேன்.

தியாவுக்கும் ஒன்பதுதான்.
குரல் உடைந்துவிட்டது அவனுக்கு.
மேலுதட்டில் மீசை நிழல் கட்டுகிறது.
தோள்மேலாக எட்டிப் பார்த்தவன் கேட்டான்,
"போன வருஷமே எனக்குப் பத்து என்றீர்களே?"

தப்பாகச் சொல்லிவிட்டேன்.
போ, ஆட்டைக் குழியிலிருந்து வெளியே ஓட்டு.
குட்டியைத் தூக்கும்போது குனிந்தே தூக்கு.