நான்கு நிமிடம் பத்து வினாடி

நிறுவனத்தின் இரண்டாவது சாட்சி நான்.
மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல
உறுதிமொழியைத் திரும்பச் சொன்னேன்;
'உண்மையைத் தவிர வேறெதுவும்' என்ற இடத்தில்
காலையில் குடித்த கோப்பி-ஓ மேலே வந்தது.

எதிர் மேசையில் குணவதி.
பயான் லெப்பாஸ் ஆலையில் பதினேழு வருடம்
நுண்ணோக்கியில் குனிந்து
அரிசியில் கால்வாசி இருக்கும் சில்லுகளில்
வெடிப்புத் தேடியவள்.
சர்க்கரை அவளுடைய இடது பாதத்தைத்தான் எடுத்துக்கொண்டது,
கண்ணைத் தொடவில்லை.
திரும்பி வந்த மாதம் மூவாயிரத்துச் சொச்சம் பழுது பிடித்தாள்,
எங்கள் வரிசையிலேயே அதிகம்.
அந்தத் தாள் கோப்பில் இல்லை.

கோப்பில் இருப்பது என் தாள்:
தீப் பயிற்சி. செவ்வாய், காலை பத்து மணி.
மூன்றாம் மாடியிலிருந்து கூடுமிடம் வரை
நான்கு நிமிடம், அதுதான் விதி.
ஊழியர் எண் 0441: நான்கு நிமிடம் பத்து.
கீழே என் கையெழுத்து,
இரண்டாம் படிவத்தில் பழகிய அதே கோணல் 'ம'.

பத்து வினாடியில் என்ன செய்யலாம்?
ஒரு சப்பாத்து நாடாவைக் கட்டலாம்.
பதினேழு வருடத்தை உறையில் போட்டு
எச்சில் தொட்டு ஒட்டலாம்.
'மருத்துவக் காரணங்களால்' என்று தொடங்கிய கடிதம்
'நல்வாழ்த்துகளுடன்' முடிந்தது.

அவள் பக்கத்துத் தொழிற்சங்கக்காரர்
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார்:
அன்று எத்தனை பேர் இறங்கினார்கள்?
இருநூற்றுப் பன்னிரண்டு.
எத்தனை பேருக்கு நேரம் எடுத்தீர்கள்?

குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது.
எனக்குப் புரியவில்லை என்று நினைத்து
மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மறுபடி தமிழில் சொன்னார்,
இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஒருவருக்கு.

எங்கள் வழக்கறிஞர் எழுந்தார். தலைவர் உட்காரச் சொன்னார்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
மேலாளர் பாதிப் படியில் திரும்பி
மறந்த கைப்பேசிக்காக மேலே ஏறியது.
அன்று கடைசியாக வந்தவர் அவர்தான்,
சிரித்துக்கொண்டே வந்தார், நாங்களும் சிரித்தோம்.
கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு
குணவதியும் சிரித்தாள்.
அதையும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.
தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்;
முதல் கேள்வி வராதிருந்தால்
வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி
அரை நாள் சம்பளத்துக்கு வேலைக்குத் திரும்பியிருப்பேன்.

லிஃப்ட் வேலை செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அந்தக் கட்டடத்தின் படிகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.
வெளி நாற்காலியில் உட்கார்ந்து
செயற்கைப் பாதத்தின் பட்டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டாள்:
"என் ஸ்டூல் அங்கதான இருக்கு?
ஆறாவது புள்ளியில வெச்சிருந்தேன்.
யாரும் ஏத்தி இறக்காம பாத்துக்க."

இப்போது அதில் உட்காருகிறவர் நல்ல உயரம்.
அதை மட்டும் நான் சொல்லவில்லை.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள்.
இன்னும் வரவில்லை.
போன வாரம் மறுபடி மணி அடித்தது.
கையில் அதே கடிகாரம்.
இந்த முறை ஒவ்வொருவராக எழுதினேன்,
0012, 0087, 0203, கர்ப்பிணி ஒருத்தி,
முட்டி பிடித்துக்கொண்ட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.
தாள் போதாமல் உள்ளங்கையிலும் எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது
கூடுமிடத்தின் அந்தக் கோடியில்
மேலாளர் தன் மணிக்கட்டைத் திருப்பி
எனக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.