ஐந்நூற்றைம்பது கிராம்

ராதாபுரத்துக்குத் தெற்கே பதினாலு மின்கம்பம் சாய்ந்துவிட்டது.
விடியுமுன் கரண்ட் வராது என்று
லைன்மேன் மாசானம் போனிலேயே கையை விரித்தார்.
கார்த்திகை மழை. பொட்டக்காட்டில் காற்றாடிகள்
நனைந்த கொக்குகளாய் அசையாமல் நிற்கின்றன.

சுகாதார நிலையத்தின் பின்னறையில்
நானும் ஃபியூயல் செல்லும் ஒற்றைச் சிலிண்டரும்.
இதே காற்றாடிகள் பேயாய்ச் சுற்றிய நாளில்
தண்ணீரை உடைத்து அடைத்தது.
'போன ஆடிக் காத்து' என்பார் ஜெபகனி சிஸ்டர்.
திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஐம்பது லிட்டர், நூற்றைம்பது பார்:
ஐந்நூற்றைம்பது கிராம் ஹைட்ரஜன்.

மூலக்கூறு ஒன்றுக்கு எலக்ட்ரான் இரண்டு.
கூடவும் தராது, குறைக்கவும் செய்யாது.
ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓட
முப்பத்தெட்டு மில்லிகிராம், கொஞ்சம் குறைவாக.
செல்லுக்கு எழுபது சத வோல்ட் என்று வைத்தால்
யூனிட்டுக்கு ஐம்பத்துநாலு கிராம்.
ஊதும் மோட்டார் தின்பதையும் சேர்த்து
அறுபது என்று போட்டேன்.
ஆக ஒன்பது யூனிட், சொச்சம்.

வேண்டியது?
குழந்தைக்கு வார்மர், பன்னிரண்டு மணி நேரம்: நாலே முக்கால்.
ஆக்சிஜன் கருவி: நாலேகால்.
தடுப்பூசிப் பெட்டி ஒன்றேகால். விளக்கு கால்.
கூட்டினால் பத்தரை.
அடித்து, மறுபடி கூட்டினேன். பத்தரைதான்.

குழந்தை ஆயிரத்து எழுநூறு கிராம்.
நேற்று மத்தியானம் பிறந்தது, இன்னும் பேர் இல்லை.

பெட்டியை நிறுத்தலாம், திறக்காவிட்டால் குளிர் தாங்கும்.
விளக்குக்குப் போன் வெளிச்சம்.
ஒன்பது வந்துவிடும், நூலிழையில்.
நூலிழை எனக்குப் பிடிக்காது.

"என்ன பிள்ளா, கணக்கு வந்துட்டா?"
நோட்டைக் காட்டினேன். சிஸ்டர் ஒரு வரியில் விரல் வைத்தார்.
"இந்த வார்மர எடுத்துரு."
போய்ச் சந்தனமாரியின் நைட்டிப் பொத்தானைக் கழற்றி
வெறும் நெஞ்சில் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு
மேலே சேலை சுற்றிக் கட்டினார்,
ஆக்சிஜன் குழாய் வெளியே வருகிற மாதிரி.
தெர்மாமீட்டர் முப்பத்தாறரை காட்டியது.
ஒரு மணி கழித்தும் முப்பத்தாறரை.

சந்தனமாரி ராத்திரி சாப்பிட்டது
நாலு ரொட்டி, ஒரு தம்ளர் பால்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஐந்தே முக்கால் யூனிட் ஓடியது இரவு முழுக்க.
வெளிக்குழாயின் கீழே வாளி வைத்திருந்தேன்,
கிராமுக்கு ஒன்பது கிராம் தண்ணீர்.
மூன்று லிட்டர், இளஞ்சூடாக.
சிஸ்டர் அதில் கை கழுவினார்.
"ருசியே இல்ல, மழத்தண்ணி கணக்கா" என்றார்.

ஆறரைக்குக் கரண்ட் வந்தது.
அழுத்தமானியில் ஐம்பத்தேழு நிற்க வேண்டும்.
ஐம்பத்தைந்துதான் நிற்கிறது.
அந்த இரண்டு எங்கே கசிந்ததென்று
சோப்பு நுரை தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
உள்ளே அது அழுகிறது, சன்னமாக,
அழுத்தம் குறையாமல்.