அரைப்புள்ளி இருந்த இடம்

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
அன்று செய்தி எதுவும் இல்லை.
குடையை வாளியில் நிறுத்திவிட்டு
நேராக என்னிடம் வந்தாள்
ஒத்திலியா ஞாங்குபில்.
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவள்.
கையில் எலுமிச்சை வாசம்,
அதற்கடியில் எலுமிச்சைக்கு அடங்காத வாசம்.

எதற்கு மடிக்கணினி என்றேன்.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
"தினப்படிக்கு."

தினப்படி என்று சொல்லாத ஆளில்லை.
பதினோரு மாதமாக விற்கிறேன்,
அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று
எவரும் திறந்து காட்டியதில்லை.
இவள் காட்டினாள்:
மின்கட்டணம். பனிக்கட்டிக்காரன் கணக்கு.
சால்மன் படகில் வேலைக்குப் போன மகன்
பன்னிரண்டு நாளைக்கொரு முறை காட்டும் முகம்.
தூக்கம் வராத இரவில்
யாரோ எங்கோ கேக்கின் மேல் பூப்போடுவதைப் பார்ப்பது.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
சந்தைச் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம்:
கடல்சிங்கங்களுக்கு மீன்தலை வீசி வீசிப்
படிக்கட்டை வழுக்கலாக்கும் ஒருத்தன் மேல்.

இரண்டை எடுத்து வைத்தேன்.
இரண்டும் சாம்பல்.
ஒரே திரை, ஒரே நினைவகம், ஒரே மூளை,
மூடும்போது ஒரே பெருமூச்சு.
விலை அட்டையில் மட்டும்
இருபதாயிரம் பெசோ இடைவெளி.
ஏனென்று எனக்குத் தெரியாது.
மேலாளர் ரிகோபெர்த்தோவுக்கும் தெரியாது,
அவர் அதைத் தரம் என்பார்.

இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று,
கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தாள்.
"இது கொஞ்சம் கூட. ஒரு சின்ன மத்தி."
அட்டையைப் புரட்டினேன்:
முப்பது கிராம்.

பிறகு ஒற்றை விரலால் பெயரை எழுதினாள்.
விலை கூடியதில் வந்தது.
குறைந்ததில்
முதல் எழுத்திலேயே விரல் அந்தரத்தில் நின்றது.
ஞ இல்லை.
நகரத்தின் தலைமேல் நெளியும்
அந்தச் சின்ன அலை இல்லை.
வேறு தேசத்துக்கென்று அடித்த விசைப்பலகை,
எப்படியோ எங்கள் கடைக்கு வந்துவிட்டது.
அந்த அலை விழுந்தால், எங்கள் மொழியில்,
ஆண்டு ஆசனவாய் ஆகிவிடும்.
என் சித்தப்பா ஒருவர் அப்படித்தான்
புத்தாண்டு வாழ்த்து அனுப்பிச்
சம்பந்திகளை இழந்தார்.

"ஆல்ட்டை அழுத்திக்கொண்டு
நூற்று அறுபத்து நான்கு அடித்தால் வரும்."
நிமிர்ந்து பார்த்தாள்.
"என்னை நானே கூப்பிட
நம்பர் மனப்பாடம் பண்ணணுமா?"

வெளியே போய்விட்டாள்.
கண்ணாடி வழியே தெரிந்தது:
கூரை விளிம்பின் கீழ் உதடு அசைய அசைய
இருபதாயிரத்தை மீனாக எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணி முடிக்க நேரமாயிற்று.
திரும்பி வந்து
குறைந்த விலையைத் தொட்டாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆனது. கமிஷனுக்காக இல்லை.
பணம் கட்டியதும் பெட்டியைப் பிரித்து
அமைப்புக்குள் போய் மொழியை மாற்றினேன்.
முதலிலேயே சொல்லியிருக்கலாம்,
ஏனோ அப்போது தோன்றவில்லை.
"இனி இந்த அரைப்புள்ளியைத் தட்டினால்
உங்கள் எழுத்து வரும்."
"அரைப்புள்ளி எதுக்கு?"
யோசித்தேன். பள்ளியில் சொன்னார்கள்.
முடிக்க மனமில்லாமல்
தொடரவும் தெரியாமல் நிற்பவர்களுக்கு
என்று நினைக்கிறேன்.
"எனக்கு வேண்டாம்."

பையிலிருந்து நகச்சாயம் எடுத்தாள். சிவப்பு.
நகத்துக்கில்லை;
பக்கத்துக் கடைக்காரி கத்தியை மாற்றி எடுக்காதிருக்கப்
பிடியில் வைக்கிற பொட்டு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
விசையின் மேல் ஓர் அலை வரைந்தாள்.
உத்தரவாதம் செல்லாது, செல்லாது என்று
ரிகோபெர்த்தோ ஓடி வந்தார்.
அவள் தலை நிமிரவில்லை.
"ஈரம். கை வைக்காதீங்க."

காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.
பிறகு பெட்டியை மீன்பையில் இறக்கி
அதன்மேல் இன்னொரு பையைக் கவிழ்த்து
மழைக்குள் நடந்தாள்.

குடை இன்னும் வாளியில் நிற்கிறது.
நாளைக்குச் சந்தைப் பக்கம் போனால் கொடுக்கலாம்.
நாளை என்று எழுதவும்
எங்களுக்கு அந்த அலை வேண்டும்.