நூற்றிரண்டு வெள்ளை

கேத்திப் பள்ளத்தாக்கில் உறைபனி இன்னும் இளகவில்லை.
கண்ணாடிக் கூடத்தின் கதவைத் தோளால் தள்ளித் திறக்கிறேன்.
நாலு தட்டு. தட்டுக்கு நூறு வாற்கோதுமை நாற்று.
பச்சை, பச்சை, வெள்ளை, பச்சை
எண்ணும்போதே போஜன் கேட்கிறார்:
"வெள்ளைக்கும் தண்ணி ஊத்தணுமா மேடம்?"
ஊத்துங்க.
விதைக்குள் கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை
அதுவும் வளரும்.
பன்னிரண்டு நாள், மிஞ்சினால் பதினாலு.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. நூற்றிரண்டு.
நாலில் ஒன்று.
கோளாறு பசுங்கணிகத்தின் கையிருப்பில் இல்லை.
அது தாய்வழிச் சொத்து;
அதில் பழுதென்றால் ஒரு தாயின் பிள்ளைகள்
இப்படிக் கணக்காகப் பிரிந்து நிற்க மாட்டார்கள்.

பசுங்கணிகம் ஒருகாலத்தில் தனிக்குடி.
தண்ணீரில் மிதந்து
தன் வெயிலைத் தானே சமைத்துத் தின்றது.
ஏதோ ஒன்று விழுங்கியது, செரிக்கவில்லை, தங்கிவிட்டது.
அப்புறம் கோடிக்கணக்கான வருஷத்தில்
பத்திரம் பத்திரமாய் எல்லாம்
உட்கருவின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.
மிஞ்சியது நூற்றுச் சொச்சம் மரபணு.
அதையும் தானாகப் படிக்க முடியாது.
எங்கே தொடங்கு, எங்கே வெட்டு,
எந்த எழுத்தை மாற்றி வாசி
எதற்கும் உட்கரு ஆள் அனுப்ப வேண்டும்.

வருகிற புரதத்தின் முனையில் ஒரு முகவரிச் சீட்டு.
வாசலில் காட்டி உள்ளே நுழைந்ததும்
சீட்டைக் கத்தரித்துவிடுவார்கள்.
மண்டபம் முகாமில்
அப்பாவின் சட்டையில் குத்தியிருந்த அட்டையும் அப்படித்தான் போனது.
என்ன நம்பர் என்றால் தெரியாது.
கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது அவருக்கு.

இந்த நூற்றிரண்டில் ஓர் ஆள் வந்து சேரவில்லை.
ஒரே ஒரு செய்தியின் ஓரத்தைப்
பிடித்துக்கொள்ள மட்டும் தெரிந்த ஆள்.
பிடிக்க யாருமில்லாமல் செய்தி அரிபட்டுப் போனது.
மரபணு அங்கேயே இருக்கிறது,
ஓர் எழுத்தும் பிசகாமல்.

கீழிருந்தும் தாக்கல் போகும்:
இங்கே எதுவும் சரியில்லை, இனி அனுப்பாதே.
உட்கரு கேட்டுக்கொள்கிறது, அனுப்புவதைக் குறைக்கிறது.
எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.
லைன் வீட்டுப் பட்டாவுக்கு
நாங்கள் போட்ட மனு ஏழு.

வெயில் தொட்டபெட்டாவின் தோளிலிருந்து இறங்குகிறது.
தட்டைத் திருப்ப மறந்திருக்கிறேன்;
எல்லா நாற்றும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கின்றன.
வெள்ளையும்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன்.