இறுக்கம்

நெல்லித்தோப்பு வாடகைக் கடையில்
இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார்கள்.
ஒன்றில் ஜூம் பித்தான்,
கைப்பிடியிலேயே மாட்டலாம்.
அழுத்திப் பார்த்தேன்:
கட்டைவிரல் அசைந்த அளவுக்கு
எதிர்ச்சுவர்க் காலண்டரும் அசைந்தது.

பதினாறு கிலோவை இடுப்போடு கட்டி
ஸ்பிரிங் கையில் மிதக்கவிட்டுப்
பின்னோக்கி நடப்பவளுக்கு
விரல் நுனியில் இன்னொரு வேலையா?
வேண்டாம்.
கிட்டே போகக் கால் இருக்கிறது.

மற்றது ஃபோகஸ் சக்கரம், கம்பியில்லாதது.
ஃபிலோமின் உருட்டிப் பார்த்தான்.
"கொஞ்சம் இறுக்கம். இருக்கட்டும்,
வேர்த்த கைக்கு வழுக்காது."
வெள்ளை வளையத்தில் பென்சிலால் எழுதினான்
ஏழடி, ஆறடி, நாலரை.

குருசுக்குப்பம் சந்து, மாலை ஐந்தரை.
நான் பின்வாங்க, நடிகை முன்னேற,
எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த காற்றை
முப்பதடி தள்ளி நின்று
அவன் திருகிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது டேக்கில் கண் நழுவிக்
காது மட்டும் துல்லியமாய் விழுந்தது.
தோட்டின் கல்லை எண்ணலாம்.
இயக்குநர் ஓகே என்றார்.

நான் அவனைப் பார்த்தேன்.
அவன் சக்கரத்தைப் பார்த்தான்.
"இன்னொண்ணு போலாம் சார்"
என்றது நான்தான்.
தோள்பட்டை இன்னும் என்னோடு பேசவில்லை.