இந்தப் பக்கம் மேலே

மண்டபம் கடலோரக் காவல் நிலையத்தில்
என்னைக் கூப்பிட்ட காரணம்
ஏழு வருசம் நான் ஈவூவில் இருந்ததுதான்.
பிளாஸ்டிக் வாளி, முடிக் கிளிப், சீரியல் விளக்கு என்று
கீழக்கரைக்குக் கன்டெய்னர் ஏற்றியவன்.
பாஷை தெரியும் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"பேர்?"
"சீனி நைனா."
எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார்.
"சீனின்னா?"
சர்க்கரை சார், என்றேன்.
கூடுமானவரை இனிப்பாக.

வேம்படியில், காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
மஞ்சளாகக் கிடந்தது அது.
ஒரு ஓங்கில் நீளம்.
இரண்டு சிறகில் ஒன்று முறிந்து
மூக்கில் கண்ணாடிக் கண்
வயிற்றைச் சுற்றி நண்டு வலையின் நூல்.
தள்ளிக் குந்தியிருந்தான் நம்புக்குமார்.
"நாலு துண்டு வலை போச்சு மரைக்காரே.
யார்ட்ட கேக்குறது?"

சென்னையிலிருந்து வந்த அதிகாரிக்கு
ஒரே கேள்வி.
இது ஆராய்ச்சிக்கா, ஆயுதத்துக்கா?

குனிந்து படித்தேன்.
முதுகில்: இந்தப் பக்கம் மேலே.
மூடியைக் கழற்றினால், மின்கலத்தின் மீது:
ஈரம் படக்கூடாது.
இத்தனை மாதம் கடலுக்குள் கிடந்ததற்கு
அப்படி ஓர் அறிவுரை.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
சரிபார்த்தது, பதினேழு.

பதினேழு ஆளா, கையா
அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

நிங்போவில் வாளி அச்சு பார்க்கப் போன இடத்தில்
முதலாளி பக்கத்துக் கொட்டகையைத் திறந்து காட்டினார்.
உள்ளே விளக்கில்லை.
கரன்ட் போய்விட்டதா என்றேன்.
சிரித்தார். அவற்றுக்கு எதற்கு வெளிச்சம்?
இருட்டில் ஐம்பது அறுபது இரும்புக் கைகள்
சாக்குக்குள் நண்டு ஊரும் சத்தத்தோடு
எதையோ எடுத்து எதிலோ பொருத்திக்கொண்டிருந்தன.
தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம் நகர்ந்தது.
நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண்
கைகளுக்குக் கீழே கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்தாள்.
எங்களைப் பார்த்ததும் விளக்கை அணைத்தாள்.
மரியாதைக்கா என்று இன்றைக்கும் தெரியாது.

வெளி முற்றத்தில் நாலுகால் பொறிகள்
வரிசையாக நடை பழகின.
தலை இருக்க வேண்டிய இடத்தில்
நாலு திருகு மட்டும் திறந்திருந்தது.
என்ன பொருத்துவீர்கள் என்று கேட்டேன்.
"வாளிக்கு மூடி போடும் அதே கை, அதே மூட்டு.
மேலே எதை வைப்பது
வாங்குகிறவர் இஷ்டம்" என்றார்.
தேநீர் தந்தார். விலையில் இரண்டு சதவீதம் குறைத்தார்.
நான் மூவாயிரம் வாளிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இதை அதிகாரியிடம் சொன்னேன்.
"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.
படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது.

பெரியபட்டினத்தில் தோட்டத்துக்குக் குழி வெட்டினால்
இன்றும் சீனத்துக் கிண்ண ஓடு கிடைக்கும்.
வெள்ளையில் நீலப் பூ.
அதைக் கொண்டுவந்த கப்பலும்
நம் கரையின் ஆழத்தை
கயிறு விட்டு அளந்துதான் வந்திருக்கும்.
ஆனால் அளந்தவன் இறங்கி வந்து
தண்ணீர் கேட்டிருப்பான்,
விலை பேசியிருப்பான்,
சிலர் பெண்கூட எடுத்திருப்பார்கள்.
என் பேரில் அந்தச் சர்க்கரை
எப்படி வந்ததென்று யார் கண்டது.

"அடியில கெடந்து என்ன பண்ணும் மரைக்காரே?"
கேட்கும், என்றேன்.
உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு
எந்த எஞ்சின் எந்த நேரம் போகிறது.
நம்புக்குமார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக,
"அப்ப எங்க பாடும் அதுக்குத் தெரியுமா?"
மீன் கிடைக்கும் இடத்தைச் சொன்னானா
மற்றதைச் சொன்னானா
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.
தலைகீழாக.
சார், இந்தப் பக்கம் மேலே, என்றேன்.
கதவைச் சாத்திவிட்டார்கள்.

நஷ்ட ஈட்டுத் தாளை என்னிடம் நீட்டினான் அவன்.
வலை சேதமானதற்குக் காரணம்:
விசைப்படகு. அயல்நாட்டுப் படகு. இயற்கைச் சீற்றம்.
"எதுல டிக் போட?"

பேனாவைத் திறந்தபடி
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்கு அலையே இல்லை.